தங்ஹுலு: ஒரு சீன இனிப்பும் அதோடு சேர்த்து விற்கப்படும் அரண்மனைக் கதையும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மெல்லிய மூங்கில் குச்சியில் வரிசையாகக் குத்தப்பட்ட சிவப்புப் பழங்கள், அவற்றின் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. காணொளியில் இருந்த பெண் முதற் பழத்தைக் கடித்தபோது கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே இலட்சக்கணக்கானோர் அதைப் பார்த்திருந்தார்கள்.

"சித்தி, நாங்களும் செய்வமா?"

அன்று பின்னேரமே முந்திரிகைப்பழத்தில் செய்தோம். சீனிப்பாகு காய்ச்சிப் பழத்தைத் தோய்த்தெடுத்தவுடன் காணொளியில் கேட்ட அதே சத்தம் எங்கள் குசினியிலும் கேட்டது. ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பூச்சு இளகி, பழங்கள் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. "பாகு பதம் தப்பிட்டுது" என்றார் அக்கா. பதம் தப்பவில்லை. தப்பியது ஊரின் காற்று. அதைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியபோதுதான் இந்த இனிப்புக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்தது.

பெயரும் பழமும்

இதன் பெயர் தங்ஹுலு. சீன மொழியில் 'தங்' என்றால் சீனி, 'ஹுலு' என்றால் சுரைக்காய். இடுப்புச் சிறுத்த குடுவைச் சுரைக்காயையே அது குறிக்கிறது. முற்காலத்தில் ஒரு குச்சியில் இரண்டு பழங்களை மட்டும், சிறியது மேலும் பெரியது கீழுமாகக் குத்தியதால் இந்தப் பெயர் வந்தது என்பது வழக்கமான விளக்கம். 'ஹுலு' என்ற ஒலி செல்வத்தையும் பாக்கியத்தையும் குறிக்கும் 'ஃபுலு' என்ற சொல்லை நினைவூட்டுவதால், சீனப் புத்தாண்டுக் காலத்தில் இதை வாங்குவது நல்ல சகுனமாகவும் கருதப்படுகிறது. பீஜிங்குக்கு அருகில் இருக்கும் தியான்ஜின் நகரத்தில் இதையே 'தங்துன்' என்று வேறு பெயரால் அழைக்கிறார்கள்.

இன்று முந்திரிகை, ஸ்ட்ரோபெரி, தோடை, தக்காளி என்று எதையும் குச்சியில் குத்துகிறார்கள். ஆனால், வடசீனாவில் தங்ஹுலு என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'ஷான்ட்ஸா' என்ற பழம். அப்பிள் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள் மரத்தின் பழம் அது. பெரிய இலந்தைப்பழம் அளவில், கடுஞ்சிவப்புத் தோலில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். சதை இறுக்கமானது, சாறு குறைவு. புளிப்போ வெறும் வாயில் தின்ன முடியாத அளவுக்கு இருக்கும். மலைச்சரிவுகளில் தானாக வளரக்கூடிய மரம் என்பதால் அது பெரிய விலைக்குப் போன பழமும் அல்ல.

தங்ஹுலுவின் சூட்சுமம் இந்தப் புளிப்பில்தான் இருக்கிறது. இனிப்பான பழத்தின் மேல் சீனி பூசினால் இரண்டு கடியில் திகட்டிவிடும். ஷான்ட்ஸாவில் முதலில் பல்லில் படுவது இனிப்பு. அது கரைவதற்கு முன்பே புளிப்பு வந்து அதை வெட்டிவிடுகிறது. சதையில் சாறு குறைவு என்பதால் உள்ளிருந்து நீர் கசிந்து பூச்சைக் கரைப்பதும் குறைவு. எங்கள் முந்திரிகைப்பழத்தில் இந்த இரண்டு வசதிகளும் இல்லை.

பாகின் பதம்

எங்கள் வீடுகளில் பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. சீனியும் தண்ணீரும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி, பாகின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். முதலில் கம்பிப் பதம், பிறகு தண்ணீரில் விட்டால் உருளும் பதம். இன்னும் காய்ச்சினால், தண்ணீரில் விட்ட துளி உடனே இறுகி, விரலால் அழுத்தும்போது முறிந்துவிடும். இந்தக் கடைசிப் பதம்தான் தங்ஹுலுவுக்குத் தேவை. வெப்பம் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ். அந்த நிலையில் பாகில் எஞ்சியிருக்கும் நீர் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

அந்தப் பாகு சட்டென்று குளிரும்போது சீனியின் மூலக்கூறுகளுக்குப் பளிங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. ஒழுங்கில்லாமல் அப்படியே உறைந்துவிடுகின்றன. யன்னல் கண்ணாடியும் இதே விதமான உறைவுதான். அதனால்தான் தங்ஹுலுவின் பூச்சு ஒளியை ஊடுருவ விடுகிறது, கடிக்கும்போது நொறுங்குகிறது. காய்ச்சும்போது கரண்டியால் கிளறக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. கிளறினால் பளிங்கு கட்டத் தொடங்கி, பாகு வெண்மையாக மணல் போல ஆகிவிடும்.

இப்படி உறைந்த சீனிக்கு ஒரு பகை, ஈரம். காற்றில் உள்ள நீராவியை அது இழுத்துக்கொண்டு மறுபடி பாகாகிறது. பீஜிங்கின் மாரிகாலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். காற்றும் வறண்டது. அங்கே வெளியில் குத்தி வைத்த தங்ஹுலு நாள் முழுவதும் கண்ணாடியாகவே நிற்கும். கடல் சூழ்ந்த எங்கள் மண்ணில் அது ஒரு மணித்தியாலம் நின்றதே அதிகம். தங்ஹுலு மாரிகாலத்தின் இனிப்பாக இருப்பதற்குக் காரணம் மரபு மட்டும் அல்ல, பௌதிகமும்தான்.

காணொளியைப் பார்த்து இதைச் செய்ய முனையும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் பாகு கொதிநீரை விட ஏறத்தாழ 50 பாகை அதிகச் சூடானது. தோலில் பட்டால் தண்ணீரைப் போல வழிந்தோடாது, ஒட்டிக்கொண்டு எரிக்கும். அமெரிக்காவில் தங்ஹுலு செய்யப்போய்த் தீக்காயம்பட்ட சிறுவர்கள் பற்றி வைத்தியர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் பிடிக்க வேண்டும். பற்பசை பூசுவது காயத்தை மோசமாக்கும்.

அரண்மனைக் கதை

தங்ஹுலு எப்படி வந்தது என்று தேடினால் எல்லா இடங்களிலும் ஒரே கதைதான் கிடைக்கிறது. தென் சொங் வம்சத்தில் குவாங்சொங் என்ற பேரரசர் இருந்தார். 1189 முதல் 1194 வரை ஆட்சி செய்தவர். அவருடைய அன்புக்குரிய துணைவி ஹுவாங் நோயில் விழுந்தார். உணவு செல்லவில்லை, உடல் மெலிந்தது. அரண்மனை வைத்தியர்களின் மருந்துகள் எதுவும் பலிக்கவில்லை. ஊரில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்து வந்த ஒரு நாட்டு வைத்தியர், ஷான்ட்ஸாவைக் கற்கண்டோடு சேர்த்து வேகவைத்து, ஒவ்வொரு உணவுக்கும் முன்னர் ஐந்து முதல் பத்து வரை கொடுக்கச் சொன்னார். அரை மாதத்தில் அவர் குணமடைந்தார். பிறகு அந்த மருந்து மக்களிடம் பரவி, குச்சியில் ஏறி, தங்ஹுலு ஆனது.

இந்தக் கதையை மகளுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்: "பிறகு அவ சுகமா இருந்தவவோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் கதை வேறு பக்கம் திரும்பியது. குவாங்சொங்கின் துணைவி ஹுவாங் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1345 இல் தொகுத்து முடிக்கப்பட்ட சொங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாற்று நூலில் அவர் இருக்கிறார். ஆனால், அங்கே சீனியும் இல்லை, பழமும் இல்லை. 1191 இன் மாரிகாலத்தில் பேரரசர் ஒரு பெரிய அரச வழிபாட்டுக்காக அரண்மனையை விட்டு வெளியே விரதம் இருந்தார். அந்த நேரத்தில், ஹுவாங் மீது பொறாமை கொண்டிருந்த பேரரசி லீ அவரைக் கொன்றுவிட்டார். பேரரசருக்குச் சொல்லப்பட்ட செய்தி, அவர் திடீரென இறந்துவிட்டார் என்பது மட்டுமே. அதன் பின்னர் பேரரசரின் மனநிலை குலைந்தது. 1194 இல் அவர் அரியணையை விட்டு இறக்கப்பட்டார்.

இன்று சுற்றுலாப் பயணிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லப்படும் கதையில் இனிப்பால் காப்பாற்றப்பட்ட பெண், பதிவில் கொலைசெய்யப்பட்ட பெண். அவரது மரணத்துக்கு அதிகாரம் ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்தது. மக்கள் கதையோ அந்த மரணத்தையே அழித்துவிட்டது. உறவினரின் மரணத்துக்கு வேறு யாரோ எழுதிய காரணத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு, 'திடீரென இறந்துவிட்டார்' என்ற அந்தச் சிறு வாக்கியம் 800 வருடப் பழசாகத் தெரியாது.

கதை பொருந்தாததற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. தென் சொங்கின் தலைநகரம் இன்றைய ஹாங்சூ. தங்ஹுலுவின் தாய்நிலமான வடசீனா அப்போது சொங் ஆட்சியில் இல்லை. அதை ஜூர்சென் மக்களின் ஜின் அரசு ஆண்டுகொண்டிருந்தது. இன்றைய பீஜிங் அந்த அரசின் தலைநகரம். ஹாங்சூவுக்கும் பீஜிங்குக்கும் இடையில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தூரம், நடுவில் பகை எல்லை.

மருந்தின் வரலாறும் இடிக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பெரும் மருத்துவ நூலைத் தொகுத்த லீ ஷிஜென், பழைய மருத்துவக் குறிப்புகளில் ஷான்ட்ஸா அரிதாகவே வருகிறது என்றும், 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூ தான்சி என்ற வைத்தியர் அதன் குணத்தை எடுத்துச் சொன்ன பிறகே அது முக்கிய மருந்தானது என்றும் எழுதுகிறார். அதாவது கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூறு வருடங்களுக்குப் பின்னர். முற்றிய கோழியையும் இறுகிய இறைச்சியையும் சமைக்கும்போது சில ஷான்ட்ஸாக்களைப் போட்டால் எளிதில் வெந்துவிடும் என்ற குசினிக் குறிப்பையும் அவர் சேர்த்திருக்கிறார். கொழுப்புணவுக்குப் பின்னர் சமிபாட்டுக்கு ஷான்ட்ஸா தின்னும் வழக்கம் சீன வீடுகளில் இன்றும் இருக்கிறது.

கற்கண்டு மட்டும் கதைக்கு ஒத்துழைக்கிறது. சீனாவில் கரும்புச் சீனி செய்யும் நுட்பம் மேம்பட்டதில் எங்கள் பக்கத்துப் பங்கு உண்டு. 647 இல் தாங் பேரரசர் தைசொங், சீனி காய்ச்சும் முறையைக் கற்றுவர இந்தியாவின் மகதத்துக்கு ஆட்களை அனுப்பியதாகச் சீன வரலாறுகள் குறிப்பிடுகின்றன. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கற்கண்டு செய்வதைப் பற்றித் தனி நூலே சீனாவில் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே குவாங்சொங்கின் அரண்மனையில் கற்கண்டு இருந்திருக்கும். நாட்டு வைத்தியர்தான் இருந்திருக்க மாட்டார்.

வைக்கோல் கட்டிய தடி

தங்ஹுலு பற்றிய தெளிவான பழைய விவரிப்பு ஒன்று 1906 இல் அச்சான ஒரு நூலில் இருக்கிறது. மஞ்சு இனத்தவரான ஃபூசா துன்சொங் பீஜிங்கின் ஆண்டு முழுவதற்குமான விழாக்களையும் வழக்கங்களையும் மாத வரிசையில் பதிந்த நூல் அது. மூங்கில் குச்சியில் ஷான்ட்ஸா, முந்திரிகை முதலியவற்றைக் குத்திச் சீனியில் தோய்ப்பார்கள், இனிப்பும் நொறுநொறுப்பும் குளிர்ச்சியும் ஒன்றாக இருக்கும் என்கிறார். மாரிகால இரவில் தின்றால் நிலக்கரி அடுப்பின் நெடி போகும் என்றும் சொல்கிறார். யன்னலைப் பூட்டிக்கொண்டு கரியடுப்பின் புகையில் படுத்தவர்களின் தொண்டைக்கு அந்தப் புளிப்பு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1900 இல் எட்டு நாடுகளின் படைகள் அந்த நகரத்தைக் கைப்பற்றிக் கொள்ளையடித்திருந்தன. அதற்கு ஆறு வருடங்களுக்குப் பின்னர், நகரத்தின் சிறுசிறு வழக்கங்களை வரிசையாகச் சொல்லும் இந்த நூல் அச்சேறியது.

விற்பவரின் உருவம் நூறு வருடங்களாக அதிகம் மாறவில்லை. நீண்ட தடியின் நுனியில் வைக்கோலைத் தடிப்பாகச் சுற்றிக் கட்டி, அதில் குச்சிகளைச் சுற்றிவரக் குத்தியிருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் சிவப்புப் பூக்கள் பூத்த சிறு மரம் ஒன்று நடந்து வருவது போல இருக்கும். கடை வேண்டாம், தராசு வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். பழம், சீனி, அடுப்பு, குளிர் இருந்தால் போதும். வடசீனாவில் மாரிகாலத்தில் வயல் உறைந்துவிடும். கையில் வேலை இல்லாத நாட்களில் காசு பார்க்க ஏழைகளுக்குக் கிடைத்த தொழில்களில் இதுவும் ஒன்று. புத்தாண்டுக் காலத்தில் பீஜிங்கின் சாங்தியன் சந்தையில் ஒரு ஆள் உயரத்துக்குக்கூட நீண்ட குச்சிகள் விற்கப்படும். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு போவது பிள்ளைகளுக்குப் பெருமை.

1993 இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பகிர்ந்துகொண்ட, சென் கைகே இயக்கிய 'ஃபேர்வெல் மை கொன்கியூபைன்' படத்தைப் பார்த்தவர்களுக்குத் தங்ஹுலு என்றதும் ஒரு சிறுவன் நினைவுக்கு வருவான். 1920களின் பீஜிங்கில், அடித்தே பயிற்றுவிக்கும் ஒரு நாடகப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பையன். பெரிய நடிகனானால் நாள்தோறும் தங்ஹுலுவே சாப்பாடு என்பது அவனது கனவு. நண்பனோடு ஓடிப்போகிறான், ஆசை தீரத் தின்கிறான், திரும்பி வருகிறான். தங்களுக்காக மற்றப் பிள்ளைகள் அடிவாங்குவதைப் பார்க்கிறான். மீதியிருந்த தங்ஹுலுவை அவசரமாக வாயில் திணித்து விழுங்கிவிட்டுத் தூக்கில் தொங்குகிறான். ஏழைப் பிள்ளைக்கு ஒரு குச்சி இனிப்பு எவ்வளவு பெரிய ஆசை என்பதைச் சொல்ல அந்தப் படத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சீட்டும் தடையும்

1949 இற்குப் பின்னர் தெருவோர வியாபாரத்தின் நிலை மாறியது. 1950களின் நடுப்பகுதியில் சிறு வியாபாரிகள் கூட்டுறவுகளுக்குள்ளும் அரச கூட்டு நிறுவனங்களுக்குள்ளும் கொண்டுவரப்பட்டார்கள். 1959 முதல் 1961 வரையான பஞ்சத்தில் குறைந்த மதிப்பீட்டின்படியே ஒன்றரைக் கோடிப் பேர் இறந்தார்கள். தானியம், எண்ணெய், துணி, சீனி எல்லாம் பங்கீட்டுச் சீட்டுக்குத்தான். 1966 இல் தொடங்கிய கலாசாரப் புரட்சிக் காலத்தில் தனியாகப் பொருள் விற்பது 'முதலாளித்துவத்தின் வால்' எனப்பட்டது. அந்த வாலை வெட்ட வேண்டும் என்பது கொள்கை.

சீனி சீட்டுக்கு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி அம்மா சொல்லும்போது, "பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டுதான் தேத்தண்ணி குடிச்சனாங்கள்" என்பார். இனிப்பு என்பது அப்போது சுவை மட்டும் அல்ல. வழமையான நாள் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கான அடையாளமும் அதுதான்.

1978 இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின்னர் தனியாள் வியாபாரத்துக்கு மறுபடி இடம் கிடைத்தது. வைக்கோல் தடிகளும் தெருவுக்குத் திரும்பின. 1990களின் பிற்பகுதியில் இருந்து வேறொரு சிக்கல் வந்தது. நகரங்களை ஒழுங்காக வைத்திருப்பதற்கென 'செங்குவான்' என்ற நகர நிர்வாகக் காவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். அனுமதியில்லாத நடைபாதை வியாபாரிகளைக் கலைப்பதும் பொருட்களைப் பறிமுதல் செய்வதும் அவர்களது வேலைகளில் ஒன்று. அவர்களைக் கண்டதும் தள்ளுவண்டியோடு ஓடுவது பல சீன நகரங்களில் அன்றாடக் காட்சி.

2017 கார்த்திகையில் பீஜிங்கின் தாசிங் பகுதியில், கிராமங்களில் இருந்து வந்த தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து பாதுகாப்பு என்ற பெயரில் அவ்வாறான குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. உறைகுளிரில், சில நாள் அவகாசத்தில், ஆயிரக்கணக்கானோர் மூட்டையோடு வெளியேறினார்கள். நகரத்தின் உணவை விற்றவர்களும் விநியோகித்தவர்களும் கூட்டிப் பெருக்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

2020 இல் கொரோனா முடக்கத்தால் வருமானம் விழுந்தபோது, நாட்டில் 60 கோடிப் பேரின் மாத வருமானம் ஏறத்தாழ 1,000 யுவான் மட்டுமே என்று அப்போதைய பிரதமர் லீ கெச்சியாங் பகிரங்கமாகச் சொன்னார். சில நாட்களில் யன்தாய் நகரத்தில் தெருவோரக் கடைக்காரர்களைச் சந்தித்து, அவர்களது தொழிலைப் பாராட்டினார். ஒரு வாரம் ஆவதற்குள் பீஜிங் நகரத்தின் அதிகாரபூர்வப் பத்திரிகை, தெருவோரக் கடைப் பொருளாதாரம் தலைநகரத்துக்குப் பொருந்தாது என்று எழுதியது. அழகான நகரமா, சனத்தின் வயிறா என்ற விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடைபாதை வியாபாரிகளை அகற்றும்போது நாங்கள் கேட்கும் வாதங்கள்தான் அவையும்.

கொரியாவில் ஒரு வருடம்

இதற்கிடையில் தங்ஹுலு எல்லை தாண்டியது. தென்கொரியாவில் சீன நகர்ப்பகுதிகளின் தெருத் தின்பண்டமாக இருந்த அது, 2023 இல் திடீரென ஒரு பித்தாக மாறியது. காரமான சீனச் சூப்பைக் குடித்துவிட்டுத் தங்ஹுலு தின்பது பாடசாலைப் பிள்ளைகளின் வழக்கமானது. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான சங்கிலிக் கடைகள் திறக்கப்பட்டன. ஷான்ட்ஸா போய் ஸ்ட்ரோபெரியும் முந்திரிகையும் வந்தன. வீதியெங்கும் ஒட்டும் குச்சிகளும் கடதாசிக் குவளைகளும் கிடந்ததால், தங்ஹுலுவோடு உள்ளே வரக் கூடாது என்று பல கடைகள் அறிவித்தல் ஒட்டின. அந்த வருடம் ஐப்பசியில், பிள்ளைகளின் சீனி நுகர்வு பற்றிப் பதிலளிக்கச் சங்கிலிக் கடை நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரி நாடாளுமன்றக் குழுவின் முன் அழைக்கப்பட்டார்.

2024 இல் பித்து தணிந்தது. கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சேமிப்பையும் கடனையும் போட்டுக் கடை திறந்த சிறு முதலீட்டாளர்கள் நட்டத்தைச் சுமந்தார்கள். தடி தூக்கியவருக்கு வியாபாரம் படுத்தால், வசந்தம் வந்ததும் வயலுக்குத் திரும்பலாம். கடைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதியவருக்கு அந்த வழி இல்லை.

யார் முதலில் செய்தது?

மகளின் முதற் கேள்விகளில் இதுவும் இருந்தது: "இதை ஆர் முதல் செய்தது?" இணையத்தில் உடனே கிடைக்கும் பதிலில் ஒரு பேரரசர் இருக்கிறார், ஒரு துணைவி இருக்கிறார், ஒரு வைத்தியர் இருக்கிறார். புளிப்பால் தின்ன முடியாத மலைப்பழத்தைப் பொறுக்கி வந்து, கொஞ்சச் சீனியில் தோய்த்தால் அது பிள்ளைகள் கேட்டு அழும் பண்டமாகும் என்று கண்டுபிடித்தவர் அதில் இல்லை. உறைகுளிரில் தடி தூக்கி நடந்தவர்கள் இல்லை. சீட்டுக் காலத்தில் அடுப்பை அணைத்துவைத்து, பிறகு மறுபடி மூட்டியவர்களும் இல்லை.

அந்தக் கதையில் ஹுவாங்கும் உண்மையில் இல்லை. அவரது பெயர் மட்டும் இருக்கிறது.

மகளுக்கு இரண்டையும் சொன்னேன். விற்கப்படும் கதையையும் பதிவில் இருப்பதையும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப காணொளியில இதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். பிறகு தட்டில் ஒட்டியிருந்த கடைசி முந்திரிகைப்பழத்தை இழுத்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சத்தம் வரவில்லை. ஆனால், இனித்ததாம்.